அபாத்திரம் என்ற சொல்லும் என் தொண்டையும்

ஆகஸ்ட் மூன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி நாற்பது நிமிடம். முந்தைய இரவு ஆம்பூரில் லேசாகத் தூறியிருந்தது. வெயிலும் இல்லை, காற்றும் இல்லை. மழை ஈரம் பட்டால் எங்கள் ஊரில் தோல் கம்பெனிகளின் வாடை தரையோடு வந்து படியும். அன்று அது சர்ச்சுக்குள்ளேயும் வந்திருந்தது.

மாதத்தின் முதல் ஞாயிறு என்பதால் திருவிருந்து, கிறிஸ்துவின் உடலாக நினைத்து அப்பம் உண்ணும் சடங்கு. போதகர் என் உள்ளங்கையில் அப்பத்தை வைத்தார். தாள் போல மெலிந்த, வட்டமான அப்பம். வாயில் போட்டேன். நாக்கில் ஊறியது, கரைந்தது, தொண்டை வாசல் வரை வந்தது. அங்கேயே நின்றுவிட்டது. கரைந்த பொருள் எப்படி அடைக்கும் என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் மண்டியிட்டிருந்தவர் எழுந்து போய்விட்டார். நான் எழவில்லை. என் மனைவி குளோரி வந்து தோளைத் தொட்டு, "இன்னாங்க, மயக்கமா?" என்று காதோடு கேட்டாள்.

என் பெயர் தனராஜ். வயது எழுபத்தொன்று. ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் முப்பத்துநான்கு வருடம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். குளோரி ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக இருந்தவள். ஒரே மகள் சுகந்தி, வேலூரில் சத்துவாச்சாரியில் குடியிருக்கிறாள். தொண்டையில் ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லியும் சோறு இறங்காமல் தவிக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் உதவும் என்று எழுதுகிறேன். முழுக்கக் குணமாகிவிட்டேன் என்று சொல்லமாட்டேன். இப்போது கொஞ்சம் ஓய்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை. மறுநாள் இட்லி இறங்கவில்லை. புதன்கிழமைக்குள் தண்ணீரும் அடம் பிடித்தது. ஒரு டம்ளர் குடிக்க இருபது நிமிடம் ஆனது. எழுபத்தொரு வயதில் தொண்டையில் ஏதாவது நின்றால் எல்லாருடைய மனதும் ஒரே நோய்க்குத்தான் போகும். யாரும் அதன் பெயரைச் சொல்லவில்லை. சுகந்தி போனில், "அந்த மாதிரி எல்லாம் இருக்காதுப்பா" என்றாள். எந்த மாதிரி என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

இரண்டு வாரத்தில் ஆறு கிலோ குறைந்தேன். அதற்குமேல் வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது என்று சுகந்தி என்னை வேலூருக்குக் கூட்டிப் போனாள்.

ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். காலை ஆறரைக்கு டோக்கன் எடுத்தால் பதினொன்றுக்குக் கூப்பிடுவார்கள். நாற்காலிகள் இரும்பு, நாலு நாற்காலி ஒரே கம்பியில் கோத்தது. ஒருவர் கால் ஆட்டினால் நால்வரும் ஆடவேண்டும். எங்கள் வரிசையில் கொல்கத்தாவிலிருந்து வந்த ஒரு பெரியவர் ஓயாமல் கால் ஆட்டினார். அவரைக் கடிந்துகொள்ள எனக்கு வங்காள மொழி தெரியாது. அவரோ என் முறைப்பைத் தப்பாகப் புரிந்துகொண்டு, பொட்டலத்திலிருந்து ஒரு பிடி பொரியை என் கையில் வைத்தார். விழுங்க முடியாதவன் கையில் பொரி. அதை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கீழே போடவும் மனம் வரவில்லை.

முதல் பரிசோதனை எண்டோஸ்கோப்பி. முனையில் கேமரா வைத்த மெல்லிய குழாயை வாய் வழியாக விட்டு, இரைப்பை வரை பார்ப்பார்கள். கட்டி இல்லை, புண் இல்லை. சுகந்தி கழிப்பறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள். அடுத்தது பேரியம். சுண்ணாம்புக் கரைசல் போன்ற ஒன்றைக் குடிக்கக் கொடுத்து, அது இறங்குவதை எக்ஸ்ரேயில் படம் பிடிப்பார்கள். ஒரு வாய் குடிக்க எனக்குப் பதினைந்து நிமிடம் பிடித்தது. "முழுங்குங்க தாத்தா, முழுங்குங்க" என்று டெக்னீஷியன் கத்திக்கொண்டே இருந்தார். மூன்றாவது, மூக்கு வழியாக ஒரு கம்பியை விட்டு உணவுக் குழாயின் தசை எவ்வளவு அழுத்துகிறது என்று அளக்கும் பரிசோதனை. அதிலும் எல்லாம் சரி.

எல்லாம் சரி என்று ஒவ்வொரு முறை சொல்லும்போதும் எனக்குப் பயம் கூடியது. எல்லாம் சரி என்றால் இது எங்கிருந்து வருகிறது? எனக்கு மட்டும் தெரிந்த ஒரு பதில் இருந்தது. அதைச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

உடம்பு தளர்ந்ததால் வார்டில் சேர்த்தார்கள். மூக்கு வழியாக ஒரு டியூப் போட்டு, அதில் பாலும் சத்து மாவுக் கரைசலும் ஊற்றினார்கள். மூக்கில் சாப்பிடுவது என்றால் என்ன என்று யாருக்கும் விளக்க முடியாது. பசி அடங்கும், சாப்பிட்டதாக இருக்காது. தூக்கத்தில் நான் இரண்டு முறை டியூபைப் பிடுங்கிவிட்டேன். மூன்றாம் முறை போட்டபோது, குளோரி என் வலது கையைத் தன் முந்தானையில் முடிந்துகொண்டு தரையில் படுத்தாள். மூட்டு வலிக்காரி. எழுந்திருக்க இரண்டு பேர் தூக்கவேண்டும்.

அந்த வாரம் எங்கள் சபை மூப்பர்கள் இருவர் ஆம்பூரிலிருந்து ஜெபிக்க வந்தார்கள். ஒரு டஜன் வாழைப்பழம் வாங்கி வந்திருந்தார்கள். ஜெபம் முடிந்ததும் அவர்களில் ஒருவர் என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணே, ஸ்கேன் எல்லாம் எடுத்தும் ஒண்ணும் இல்லன்றாங்க. அப்பம் எடுத்த நேரத்துலதான ஆரம்பிச்சிது? மறைவா ஏதாச்சும் பாவம் இருந்தா அறிக்கை பண்ணிடுங்க. மனசு லேசாய்டும்."

குளோரி வாழைப்பழச் சீப்பை எடுத்து அலமாரியில் வைத்தாள்.

"பழத்துக்கு ரொம்ப சந்தோஷம் ஐயா. அவரு மூக்குல சாப்பிடுறாரு, நாங்க யாராச்சும் சாப்பிட்டுக்குறோம். அறிக்கை எல்லாம் இங்க டாக்டருங்க கேக்குறாங்க. ஆம்பூர் பஸ் அஞ்சு மணிக்கு, கிளம்புங்க."

நாற்பத்தைந்து வருடத்தில் அவள் மூப்பர்களிடம் அப்படிப் பேசி நான் பார்த்ததில்லை. அவர்கள் கெட்டவர்கள் அல்ல. என்னைக் குணமாக்க வேண்டும் என்றுதான் வந்தார்கள். ஆனால் அன்று இரவு என் எச்சிலே எனக்கு இறங்கவில்லை. ஒரு பாத்திரத்தில் துப்பிக்கொண்டே விடிந்தது.

மறுநாள் பெரிய டாக்டர், "மனசு சம்பந்தப்பட்டவங்க ஒருத்தர் வந்து உங்களைப் பார்ப்பாங்க" என்றார். சுகந்தி தரையைப் பார்த்தாள். எங்கள் வட்டாரத்தில் சின்ன வயதில் ஒருவனைக் கேலி செய்ய, "பாகாயம் பஸ் ஏத்திவிடு" என்போம். அங்கே மனநல ஆஸ்பத்திரி இருப்பதால் வந்த கேலி. எங்கள் கம்பெனியில் சரக்கு அனுப்பும் டெஸ்பாட்ச்சில் வேலை பார்த்த பாஷா பாய் போனில் இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தான். "இன்னா கணக்கு, கடைசியா பாகாயமா? கவலப்படாத தோஸ்த், ஜன்னல் சீட்டுப் போட்டுத் தரச் சொல்றேன்." மற்றவர்கள் எல்லாரும் குரலைத் தாழ்த்திப் பேசிய அந்த நாளில், அவன் ஒருவன்தான் சத்தமாகப் பேசினான்.

வந்தவர் பெயர் கவிதா. மனநல ஆலோசகர். திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர், சுகந்தியைவிட இளையவர். நெற்றியில் விபூதி. எனக்குச் சங்கடமாக இருந்தது. இவருக்கு நம் விஷயம் என்ன புரியும் என்று நினைத்தேன். மூன்று நாள் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் அவசரப்படவில்லை. நாலாவது நாள், முதல் தடவை எப்போது விழுங்கப் பயந்தீர்கள் என்று கேட்டார். எனக்கே தெரியாமல் பதினான்கு வயது என்று வாயில் வந்தது.

நான் பிறந்த காவேரிப்பாக்கத்திலிருந்து என்னை அப்பா ஒரு போர்டிங் பள்ளியில் சேர்த்திருந்தார். முதல் திருவிருந்துக்கு எங்களை ஆயத்தம் செய்தவர் வார்டன் ஐயா. சனிக்கிழமை சாயங்காலம் வரிசையாக நிற்க வைத்து, அந்த வாரம் செய்த பாவங்களை மனதில் எண்ணச் சொல்வார். ஒன்றை விட்டுவிட்டு மறுநாள் அப்பத்தை விழுங்கினால், விழுங்குவது அப்பம் அல்ல, ஆக்கினை, அதாவது தேவ தண்டனை என்பார். என்னோடு முதல் திருவிருந்து எடுத்தவன் ஜெயசீலன். அடுத்த வாரம் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. பத்தாம் நாள் இறந்துபோனான். அடக்கத்தில் வார்டன் ஐயா எங்களைப் பார்த்துச் சொன்னார்: "அபாத்திரன் எதை விழுங்குறானோ, அது அவனை விழுங்கும்."

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. குளோரியிடம்கூட. கவிதா ரொம்ப மரியாதையாகக் கேட்டார்:

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. அபாத்திரம்னா, பாத்திரம் இல்லாமயா? ஏன், அப்பத்தைத் தட்டுல வச்சுத் தர மாட்டாங்களா?"

நான் சிரித்துவிட்டேன். மூக்கில் டியூபோடு சிரித்தால் இருமல் வரும், இருமிக்கொண்டே சிரித்தேன். ஐம்பத்தேழு வருடம் என் கழுத்தைப் பிடித்திருந்த சொல்லுக்கு இந்தப் பெண் தட்டு கேட்கிறார். "இல்லம்மா, பாத்திரம்னா தகுதி. அபாத்திரம்னா தகுதி இல்லாம" என்று விளக்கினேன்.

"சார், இப்ப ஒண்ணு பண்ணீங்க. கவனிச்சீங்களா?"

"இன்னா?"

"எச்சில் முழுங்கினீங்க."

அவர் சொன்ன நொடியே தொண்டை மூடிக்கொண்டது. பூட்டின சத்தம் கேட்டது போலவே இருந்தது. அப்புறம் எவ்வளவு முயன்றும் நடக்கவில்லை. ஆனால் நடந்தது என்பது நடந்தது.

அவர் எனக்கு நோயை விளக்கியதை அப்படியே தருகிறேன். எண்ணச் சுழற்சி நோய் என்று ஒன்று உண்டு. ஒரு பயம் வருகிறது. அது போக ஒரு காரியம் செய்கிறோம். கொஞ்ச நேரம் போகிறது, திரும்ப வருகிறது, திரும்பச் செய்கிறோம். "கதவு பூட்டினோமான்னு பத்துத் தடவை போய்ப் பாக்குறவங்க இருக்காங்கல்ல? உங்களுக்குக் கதவு இல்ல சார், பாவக் கணக்கு." நான் போர்டிங்கை விட்ட பின்னும் ஒவ்வொரு சனிக்கிழமை இரவும் விரல் கணுக்களில் அந்த வாரத்துப் பாவங்களை எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். குளோரி அதைப் பென்ஷன் கணக்கு என்று நினைத்திருந்தாள். கணக்கு ஒருநாளும் நேரானதில்லை. எங்கோ ஒன்று விடுபட்டது போலவே இருக்கும். திரும்ப முதலிலிருந்து எண்ணுவேன்.

"ஆகஸ்ட் ரெண்டாம் தேதி சனிக்கிழமை எண்ணினீங்களா?"

யோசித்தேன். அன்று பாஷா பாய் பேத்தியின் நிக்காஹ். வீடு திரும்பப் பன்னிரண்டரை ஆனது. படுத்ததும் தூங்கிவிட்டேன். எண்ணவில்லை.

"அதான் சார். மதத்தால பட்ட காயம்னு இதைச் சொல்லுவோம்."

எனக்குக் கோபம் வந்தது. "என் ஆண்டவர் என்னைக் காயப்படுத்தல."

"ஆண்டவரை நான் சொல்லவே இல்லையே சார். சொல்லிக் குடுத்த விதத்தைச் சொல்றேன்."

விதம் என்று அவர் சொன்னதும் இன்னொன்று உறைத்தது. நான் படித்தவன், தமிழ் இலக்கணத்தில் பள்ளியில் முதல் மார்க். வேதாகமத்தில் இருப்பது 'அபாத்திரமாய்' என்ற சொல். எப்படிச் சாப்பிடுவது என்பதைச் சொல்கிறது, வினையடை. 'அபாத்திரன்' என்று ஓர் ஆளைச் செய்தவர் வார்டன் ஐயாதான். ஒரு விகுதியை மாற்றி, அதில் ஜெயசீலனைப் போட்டுப் புதைத்துவிட்டார். இதைக் கண்டுபிடித்ததும் குணமாகிவிடும் என்று நினைத்தேன். இலக்கணம் எனக்குப் புரிந்தது. தொண்டைக்குப் புரியவில்லை. அன்று சாயங்காலமும் மூக்கில்தான் பால்.

திங்கட்கிழமை ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர் சொன்னார்: "ரெண்டு தடவை டியூபைப் பிடுங்கிட்டீங்க, எடையும் ஏறல. வெள்ளிக்கிழமைக்குள்ள வாய் வழியா ஏதாவது போகுதான்னு பாப்போம். போகலைன்னா வயித்துல சின்னதா துளை போட்டு, இரைப்பைக்கு நேரா டியூப் வச்சுடலாம்." பல வருடம் அப்படியே இருக்கிறவர்கள் உண்டு, பயப்படாதீர்கள் என்றும் சொன்னார். அந்த ஆறுதல்தான் என்னை உடைத்தது. வாய் இருக்கும், பல் இருக்கும், வயிற்றில் மூடி போட்ட குழாய் இருக்கும். இப்படியே சாகும்வரை.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் கவிதா கஞ்சியை ஸ்பூனில் கொடுத்துப் பழக்கினார். வாயில் வைத்துக்கொண்டு எண்ணக்கூடாது. எண்ண வந்தால் பாதியில் விட்டுவிட வேண்டும். எத்தனை சுலபமாகச் சொல்லிவிட்டார். நான் எண்ணாமல் இருக்கும் நொடிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். கஞ்சி வாயிலேயே ஆறிப்போகும். துப்புவேன். குளோரி துடைப்பாள். "யாரும் அவரு தொண்டையைப் பாக்காதீங்க. இறங்கிச்சுன்னாலும் கை தட்டாதீங்க" என்று கவிதா வீட்டாரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை மத்தியானம் பாஷா பாய் வந்தான். வெறுங்கையோடு வந்தான். "பிரியாணி எடுத்தாரலாம்னு பாத்தேன். வாசனை காட்டி உன்னைப் பேஜார் பண்ண வேணாம்னு விட்டேன்" என்றான். குளோரி எனக்கு ஒரு ஸ்பூன் கஞ்சி கொடுத்தாள். நான் வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெள்ளிக்கிழமை பற்றி அவனுக்குத் தெரியும், ஒன்றும் கேட்கவில்லை. குளோரியிடம் கம்பெனிப் பழங்கதை ஒன்றை ஆரம்பித்தான். சென்னைத் துறைமுகத்திலிருந்து ஒரு லாரிச் சரக்கு எண்ணிக்கை குறைகிறது என்று திரும்பி வந்த கதை.

"நாப்பது கட்டு டீச்சரம்மா. கட்டுக்கு முப்பது தோலு. ஆக ஆயிரத்து இருநூறு..."

"இருபத்தஞ்சு!" என்றேன். "கட்டுக்கு இருபத்தஞ்சுடா. ஆயிரம்தான்!"

வாயில் கஞ்சி இல்லை.

குளோரியின் கையில் ஸ்பூன் அப்படியே நின்றது. அவள் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு அடுத்த ஸ்பூனை நீட்டினாள். நான் கோபத்தில் வாயைத் திறந்தேன்.

"சரி, ஆயிரம். நீ சொன்னா கரெக்டு. அந்த வருசம் மேனேஜரு யாரு, அந்த குண்டு ஆளு, ரெண்டு வருசம்தான் இருந்தாரு..."

"ஆறு வருஷம்!"

"போனஸு எட்டு பர்சென்ட்டு குடுத்தாரு..."

"பத்து! இன்னாடா எல்லாத்தையும் தப்பா சொல்ற? நீ எல்லாம் டெஸ்பாட்ச்சுல இருந்து கம்பெனி பிழைச்சதே ஜாஸ்தி!"

அரைக் கிண்ணம் கஞ்சி போயிருந்தது. அவன் வேண்டுமென்றே தப்புத் தப்பாகச் சொன்னானா, உண்மையிலேயே மறந்துவிட்டானா என்று இதுவரை எனக்குத் தெரியாது. கேட்டால், "எனக்கு எப்பவும் கணக்கு வராதுபா" என்கிறான். கிளம்பும்போது வார்டு வாசலில் திரும்பி நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டான். வேர்வையாகவும் இருக்கலாம், வார்டில் மின்விசிறி மோசம்.

வெள்ளிக்கிழமை துளை போடவில்லை. "ஒரு வாரம் பாப்போம்" என்றார் டாக்டர். அந்த வாரத்தில் இரண்டு நாள் நன்றாக இறங்கியது, மூன்று நாள் சுத்தமாக அடைத்தது, மற்ற நாட்கள் நடுவில். இப்படியே இழுத்துப் பத்து நாள் கழித்து டியூபை எடுத்தார்கள். எடுத்த அன்று மூக்கு வெறிச்சென்று இருந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். பயத்தின் சுருதியைக் கொஞ்சம் குறைக்கும் மாத்திரை, ஒரு வருடமாவது போடவேண்டும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை கவிதாவைப் பார்க்கப் போகவேண்டும்.

இப்போது குழைந்த சோறு, இட்லி, மீன் குழம்பு இறங்குகிறது. சப்பாத்தி இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறேன். திருவிருந்து நேரத்தில் எல்லாரும் முன்னால் போகும்போது நான் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறேன். திரும்பிப் பார்க்கிறார்கள். அவர்கள் என்ன நினைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். நானும் முன்பு அப்படி உட்கார்ந்திருந்தவர்களைப் பற்றி அதைத்தான் நினைத்தேன். குளோரியும் போகாமல் என் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள். நீயாவது போ என்றால், "எனக்கு மூட்டு வலி, மண்டி போட முடியல" என்கிறாள். எப்போது போக முடியும் என்று கவிதாவிடம் கேட்டேன். "அது பரீட்சை இல்ல சார். தேதி வைக்காதீங்க" என்றார். தேதி இல்லாமல் காத்திருப்பது எனக்குத் தெரியாத வேலை. வேறு வழியும் தெரியவில்லை.

சனிக்கிழமை இரவுகள் இன்னும் கடினமாகத்தான் இருக்கின்றன. விரல் தானாக மடங்கும். எட்டு மணிக்கு குளோரி வந்து என் கையில் உரிக்க வேண்டிய பூண்டைக் கொடுக்கிறாள். அதையும் எண்ண ஆரம்பித்தால் பிடுங்கிக்கொள்கிறாள். தினமும் ஏதாவது ஒரு கணக்கை முடிக்காமல் விடவேண்டும் என்பதும் கவிதா கொடுத்த பயிற்சி. இதைவிட வயிற்றில் துளையே போட்டிருக்கலாம் என்று சில நாள் தோன்றும்.

போன வாரம் சுகந்தி வந்திருந்தாள். ஆஸ்பத்திரிச் செலவு முழுவதையும் அவளும் மருமகனும்தான் கட்டினார்கள். எந்தப் பில்லையும் என் கண்ணில் காட்டவில்லை. மொத்தம் எவ்வளவு என்று கேட்டேன். அவள் அம்மாவைப் பார்த்தாள். சொல்லு என்பது போல அம்மா தலையை ஆட்டினாள்.

"ஒரு லட்சத்து நாப்பத்தோராயிரத்துச் சொச்சம்ப்பா."

சொச்சம் எவ்வளவு என்று வாய் வரை வந்தது. கேட்கவில்லை. அன்று இரவு தூக்கமும் இல்லை. சொச்சம் என்றால் நூறும் சொச்சம்தான், தொள்ளாயிரமும் சொச்சம்தான். இதை எழுதும்போதும் கேட்டுவிடலாமா என்றே இருக்கிறது. சுகந்தியின் நம்பர் போனில் முதலாவதாக இருக்கிறது.

ஆக, இந்த நோய்க்கு எனக்கு ஆன மொத்தச் செலவு ஒரு லட்சத்து நாற்பத்தோராயிரம் ரூபாய், சொச்சம்.